ஸ்ரீமதுரையில ஒரு சீட்டு, நிலம்பூர்ல ஒரு கோவிலகம்

ஸ்ரீமதுரைன்னு சொன்னா நிறைய பேர் "மீனாட்சி அம்மன் கோயில் பக்கமா?"ன்னு கேட்பாங்க. இல்லைங்க. இது எங்க நீலகிரி மாவட்டத்துல, கூடலூர் தாலுகாவில் இருக்குற ஊர். ஒரு பக்கம் முதுமலைக் காடு, இன்னொரு பக்கம் காப்பி, மிளகு, பாக்கு. நடுவுல வயல். நீலகிரின்னா தேயிலையும் குளிரும்னு நினைச்சுக்கிட்டு வர்றவங்க இங்கே நெல் வயலையும் ஓட்டு வீட்டையும் பார்த்துட்டு, "இது கேரளாவா?"ன்னு கேட்பாங்க. அந்தக் கேள்வி அவ்வளவு தப்பான கேள்வியும் இல்லை. இந்தப் பதிவே அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

சில வருஷம் முன்னாடி ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஸ்ரீமதுரை போயிருந்தேன். வயநாடன் செட்டி குடும்பம். (நாம நினைக்கிற செட்டியார் இல்லை. இவங்க வயநாட்டுப் பகுதியோட பழைய விவசாயக் குடிகள். வீட்டுல பேசுற பேச்சுல மலையாளமும் கன்னடமும் தமிழும் சேர்ந்தே வரும்.) கல்யாணம் முடிஞ்சு சாயங்காலம் ஒரே மழை. பஸ்ஸைப் பிடிக்க முடியாதுன்னு தெரிஞ்சதும் நண்பரோட தாத்தா பக்கத்துல உட்கார்ந்துட்டேன். எனக்குப் பழைய காகிதம்னா கிறுக்குன்னு நண்பர் போட்டுக் கொடுத்திருப்பார் போல. பெரியவர் உள்ளே போய் ஒரு தகர டப்பாவை எடுத்துட்டு வந்தார். மிட்டாய் டப்பா. அதுக்குள்ளே துணியில சுத்தி வச்ச சில சீட்டுகள்.

"இது எங்கப்பா பாட்டம் கட்டின சீட்டு, தம்பி."

எழுத்து மலையாளம். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் வரும். நண்பர் படிச்சுச் சொன்னார். வருஷம் 1120ன்னு இருந்துச்சு. கொல்லம் ஆண்டு. நம்ம கணக்குல 1944-45. இத்தனை பறை நெல் வரவாச்சுன்னு ஒரு வரி. மேலே நிலம்பூர் கோவிலகம்னு இருந்துச்சு.

"நிலம்பூரா? அது மலைக்குக் கீழே, மலப்புறம் ஜில்லாவுல இல்ல இருக்கு?"

"ஆமா. அவங்க நிலம்தான் இதெல்லாம். முதுமலை, கூடலூர், அந்தப் பக்கம் தேவாலா வரைக்கும்... எல்லாம் தம்புரான் நிலம்."

நான் குன்னூர்க்காரன். இதே மாவட்டத்துல பொறந்து வளர்ந்தவன். நீலகிரி வரலாறுன்னா ஜான் சல்லிவன், ஸ்டோன்ஹவுஸ், மலை ரயில்னு ஒப்பிச்சுட்டுத் திரிஞ்சவன். நம்ம தாலுகா ஒண்ணு கிட்டத்தட்ட முழுசா ஒரு ஆத்தங்கரைக் குடும்பத்தோட சொத்தா இருந்ததுன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது. வெட்கமாத்தான் இருந்துச்சு.

அடுத்த மாசமே நிலம்பூர் கிளம்பிட்டேன். கூடலூர்ல இருந்து நாடுகாணி வழியா மலை இறங்கினா ஒண்ணரை, ரெண்டு மணி நேரம். வளைவுக்கு வளைவு குளிர் குறைஞ்சு புழுக்கம் ஏறும். வழிக்கடவு வந்ததும் ஸ்வெட்டரைக் கழட்டி பையில வச்சுட்டேன். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் தேக்கு.

இங்கே ஒரு விஷயம். நம்ம ஓவேலிப் பக்கம் பெய்யுற மழைத் தண்ணி பாண்டியாறா ஓடி, மலை இறங்கினதும் புன்னப்புழைன்னு பேர் மாறி, நிலம்பூர் பக்கம் சாலியாத்துல சேருது. அங்கிருந்து பேப்பூர்ல கடல். பாட்டம் எந்தத் திசையில போச்சோ அதே திசையிலதான் தண்ணியும் போகுது :-)

கோவிலகம் சாலியாத்துக் கரையில இருக்கு. ஒரே அரண்மனையா கற்பனை பண்ணிக்காதீங்க. பெரிய குடும்பம், பல கிளை, பல வீடு. ஓடு வேய்ந்த நாலுகெட்டு, மர வேலைப்பாடு, பக்கத்துலயே குடும்ப தெய்வமான வேட்டைக்கொருமகன் கோயில். இதே வேட்டைக்கொருமகனுக்கு மலை மேலே நம்ம நம்பாலக்கோட்டையிலும் கோயில் உண்டு. கூடலூர்க்காரங்களுக்கு ரொம்ப வேண்டப்பட்ட சாமி. நிலத்தைப் பிடிச்சவங்க சாமியையும் கூடவே கொண்டு போறது எல்லா ஊர்லயும் நடந்ததுதானே.

குடும்பத் தலைவரைத் திருமுல்பாடுன்னு சொல்லுவாங்க. சாமந்தக் குடும்பம், சாமூதிரிக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர்கள். மருமக்கள் தாயம், அதாவது சொத்து தாய் வழியில போகும். நேரடி அர்த்தத்துல இவங்க வியாபாரிகள் இல்லை. ஆனா இவங்க சொத்தோட வேர் வியாபாரம்தான். தேக்கு!

அந்தத் தேக்கு வியாபாரம் எப்படி நடந்ததுன்னு தெரிஞ்சுக்கிட்டா மீதிக் கதை புரியும். பச்சை மரமா வெட்டினா தேக்கு தண்ணியில முழுகிடும். அதனால மரம் நிக்கும்போதே அடியில சுத்தி ஒரு வளையம் மாதிரி செதுக்கி விட்டுடுவாங்க. மரம் நின்னபடியே காய்ஞ்சு போகும். ரெண்டு மூணு வருஷம் கழிச்சு வெட்டி, யானையை வச்சு ஆத்தங்கரைக்கு இழுத்து, மழைக்காலத்துல வெள்ளம் வந்ததும் தெப்பம் கட்டி மிதக்க விடுவாங்க. சாலியாறு வழியா கடற்கரை, அங்கிருந்து கோழிக்கோட்டுக் கல்லாயி மரச்சந்தை. காட்டுக்குச் சொந்தக்காரர் கோவிலகம். வெட்டி விக்கிறவங்க மர வியாபாரிகள். ஆறுதான் லாரி.

பம்பாய்ல கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கட்டினது மலபார் தேக்குலதான். 1806-ல் கேப்டன் வாட்சன்னு ஒருத்தரைக் காட்டுக்குக் காவலரா போட்டு, மரமெல்லாம் கம்பெனிக்கேன்னு உத்தரவு போட்டாங்க. ஜன்மிகள், வியாபாரிகள், சாதாரண குடியானவன்னு எல்லாருக்கும் வயித்தெரிச்சல். கடைசியில் 1823-ல், தாமஸ் மன்றோ கவர்னரா இருந்தப்போ அந்த ஏகபோகத்தை எடுத்துட்டாங்க. எடுத்ததும் என்ன ஆச்சு? ஆளாளுக்கு வெட்டித் தள்ளிட்டாங்க. அடுத்த இருபது வருஷத்துல நல்ல மரம் கிடைக்கிறதே கஷ்டம். அப்பதான் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூர்ல தேக்கை நட்டு வளர்க்கலாம்னு இறங்கினார். முதல் சில வருஷம் விதை முளைக்கவே இல்லை. அதை முளைக்க வச்சவர் சாத்து மேனன்ங்கிற உள்ளூர் அதிகாரி. ஆனா 1846-ல் நட்ட தோப்புக்குப் பேர் என்னவோ கனோலி பிளாட்தான். சாத்து மேனன் பிளாட்னு ஏன் வைக்கலைன்னு கேட்காதீங்க. அதுல சுமார் 2.3 ஹெக்டேர் இன்னும் அப்படியே நிக்குது. உலகத்துலயே பழைய தேக்குத் தோட்டம்னு சொல்றாங்க. அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்குது.

நிலம்பூருக்கு ரயில் வந்ததும் இந்த மரத்துக்காகத்தான். ஷொர்ணூர்ல இருந்து 1920-களில் போட்ட பாதை. ரெண்டாம் உலகப் போர்ல தண்டவாளத்தையே கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. திரும்பப் போட்டது 1954-ல்.

சரி, மலை மேலே வருவோம். அங்கேதான் குடும்பத்தோட சொத்து வேற உருவம் எடுத்துச்சு.

கூடலூர்ப் பக்கம் அப்போ தென்கிழக்கு வயநாடு. நம்பாலக்கோடு, சேரங்கோடு, முன்னநாடுன்னு மூணு அம்சம். மலபார் ஜில்லாவோட இருந்ததைத்தான் 1877-ல் நீலகிரியோட சேர்த்தாங்க. (ஓவேலி அதுக்கு முன்னாடியே, 1873-ல் வந்துடுச்சு.) இதுல நம்பாலக்கோடு பெரும்பகுதி நிலம்பூர் திருமுல்பாட்டுக்கு ஜன்மம். முன்னநாட்டுப் பக்கம் நெல்லியாளம் அரசு குடும்பத்துக்கு.

ஜன்மம்னா என்ன? பிறப்புரிமையா வர்ற நிலச் சொத்து. நம்ம தஞ்சாவூர் மிராசு, ராமநாதபுரம் ஜமீன் மாதிரி நினைச்சா கொஞ்சம் புரியும், ஆனா அது மாதிரியும் இல்லை. ஜமீன்தார்னா சர்க்காருக்கு வரி வசூல் பண்ணிக் கொடுக்கிறவர்னாவது சொல்லலாம். ஜன்மி நிலத்துக்கே முதலாளின்னு வெள்ளைக்காரக் கோர்ட்டுகள் ஒத்துக்கிச்சு. அவருக்குக் கீழே காணக்காரர், அவருக்கும் கீழே பாட்டக்காரர். எல்லாருக்கும் அடியில, நிஜமா மண்ணுல இறங்கினவங்க பணியர்கள். அவங்க பேர் மட்டும் எந்தச் சீட்டுலயும் இருக்காது.

இப்படி இருந்த நிலத்துக்கு 1840-களில் காப்பி வந்துச்சு. நீலகிரியை சர்வே பண்ண ஆக்டர்லோனியோட சகோதரர் ஜேம்ஸ் ஆக்டர்லோனி அங்கே தோட்டம் போட்டார். அவர் பேர்தான் சுருங்கி "ஓ வேலி" ஆகி, இப்போ சுத்தத் தமிழ்ப் பேர் மாதிரி ஓவேலின்னு பஞ்சாயத்துப் போர்டுல எழுதியிருக்கு. காப்பியைப் பூச்சியும் நோயும் தின்னதும் தங்கம். 1880 வாக்குல தேவாலா, பந்தலூர்ல தங்கம் கொழிக்குதுன்னு லண்டன்ல டஜன் கணக்கில் கம்பெனி ஆரம்பிச்சாங்க. ரெண்டு மூணு வருஷத்துல எல்லாம் புஸ். பங்கு வாங்கினவன் தலையில துண்டு. அப்புறம் தேயிலை, ரப்பர்.

காப்பியோ தங்கமோ தேயிலையோ, நிலம் வேணும்னா ஜன்மிகிட்டதான் வரணும். நீண்ட காலக் குத்தகை, பெரும்பாலும் 99 வருஷம். தோட்டம் நஷ்டமானாலும் குத்தகைப் பணம் ஜன்மிக்கு வரணும். சர்க்காரே இதுக்கு விலக்கில்லை. முதுமலைக் காட்டை 1857-ல் திருமுல்பாட்டிடம் குத்தகைக்குத்தான் எடுத்தாங்க. 1914-ல்தான் விலைக்கே வாங்கினாங்க. 1940-ல் அதுல ஒரு பகுதி சரணாலயம் ஆச்சு, 2007-ல் புலிகள் காப்பகம். நாம மான் பார்க்கப் போற காடு ஒரு காலத்துல ஒரு குடும்பம் வாடகைக்கு விட்ட காடு!

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதும் ரொம்ப உறுத்துனதும் ஒண்ணுதான். மலை ஏறி வந்து ஒரு மரம் கூட நடாமலே இவ்வளவு பெரிய நிலத்தை ஒரு குடும்பம் காகிதத்துலயே ஆண்டிருக்கு. கொடுங்கோலர்கள்னு நான் சொல்ல வரலை. பெரியவர்கிட்ட கேட்டப்போ, "பாட்டம் கொடுத்தா சரி, அவங்க வேற ஒண்ணும் கேட்க மாட்டாங்க"ன்னுதான் சொன்னார். ஆனா நிலத்துல யார் இருக்காங்க, எந்த ஓடையிலிருந்து எந்தப் பாறை வரைக்கும்ங்கிறதெல்லாம் வாய்க்கணக்கு. காட்டு நிலம், எல்லை தெளிவில்லை, மேலே குத்தகை, அதுக்குள்ளே இன்னொரு பாட்டம். அன்னைக்கு அது யாருக்கும் சிக்கலாத் தெரியலை.

சிக்கல் 1956 நவம்பர் 1-ம் தேதி ஆரம்பிச்சுது. மொழிவாரி மாநிலம் பிரிச்சப்போ மலபார் கேரளாவுக்குப் போச்சு. கூடலூர் சென்னை மாநிலத்துலயே நின்னுடுச்சு. ஜன்மி ஒரு மாநிலத்துல, நிலம் இன்னொரு மாநிலத்துல. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துல இந்த ஜன்ம நிலம் வரலை. கேரளா தன் பங்குக்கு நிலச் சீர்திருத்தம் கொண்டு வந்து, 1970 ஜனவரியிலிருந்து குத்தகைதாரனுக்கே நிலம்னு பண்ணிடுச்சு. 1971-ல் தனியார் காடுகளையும் எடுத்துக்கிட்டாங்க. அதுல நிலம்பூர்க் காடும் போச்சு. ஆத்தங்கரையில குடும்பத்தோட பெரிய சொத்து இப்படி முடிஞ்சுது.

தமிழ்நாடு 1969-ல் கூடலூருக்குன்னே தனியா ஒரு சட்டம் போட்டுச்சு. கூடலூர் ஜன்ம எஸ்டேட்டுகள் ஒழிப்பு மற்றும் ரயத்துவாரியாக மாற்றும் சட்டம். சுமார் 80,000 ஏக்கர். ஜன்ம உரிமை மொத்தமும் சர்க்காருக்கு. தொடர்ந்து பயிர் பண்றவங்களுக்குப் பட்டா. பெரிய குத்தகைத் தோட்டங்களுக்கு 17-வது பிரிவு: குத்தகை இப்போதைக்குத் தொடரலாம், பொதுநலன்னா சர்க்கார் முடிச்சு வைக்கலாம்.

காகிதத்துல எவ்வளவு அழகு பாருங்க. உடனே தோட்டக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போச்சு. 1972-ல் பால்மாடிஸ் பிளான்டேஷன்ஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஒத்துக்கிச்சு, ஆனா காட்டை எடுத்துக்கிறது நிலச் சீர்திருத்தம் ஆகாதுன்னு அந்தப் பகுதியை மட்டும் ரத்து பண்ணிச்சு. 1974-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ரத்தான பகுதியோட சேர்த்து மொத்தச் சட்டத்தையும் ஒன்பதாவது அட்டவணையில வச்சுட்டாங்க. அந்த அட்டவணைக்குள்ள போயிட்டா கோர்ட் தொட முடியாதுங்கிறது கணக்கு. அந்த வருஷம் நவம்பர் 27-ல் சட்டம் அமலுக்கு வந்துச்சு.

அப்படி வச்சது செல்லுமான்னு மறுபடி வழக்கு. 1999-ல் அஞ்சு நீதிபதிகள் இதைப் பெரிய அமர்வுக்கு அனுப்ப, 2007 ஜனவரி 11-ம் தேதி ஒன்பது நீதிபதிகள் ஒரே குரல்ல தீர்ப்பு சொன்னாங்க. 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் போட்ட எந்தச் சட்டத்தையும், அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைக் கெடுக்குதான்னு கோர்ட் பார்க்கலாம். ஐ.ஆர். கோயல்ஹோ வழக்கு. ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படிக்கிறவங்க, வக்கீல் நண்பர்கள் எல்லாருக்கும் இந்தப் பேர் மனப்பாடம். அதுல பாதிப் பேருக்கு இது கூடலூர் நிலத்துல கிளம்பின வழக்குன்னு தெரியாது. நான் கேட்டுப் பார்த்த மூணு வக்கீல்ல ரெண்டு பேர் முழிச்சாங்க :-)

ஒன்பது நீதிபதிகள் சொன்னது தத்துவம். கூடலூர் சட்டம் அந்தத் தத்துவப்படி செல்லுமாங்கிறதை மூணு பேர் அமர்வு பார்க்கட்டும்னு அனுப்பிட்டாங்க. நாட்டுக்குத் தீர்ப்பு கிடைச்சுது, கூடலூருக்குக் கிடைச்சது வாய்தா.

இதுக்கு நடுவுல நிலம் சும்மா இருந்ததா? 1940-கள்ல இருந்தே திருவாங்கூர்ப் பக்கத்துல இருந்து குடியேறினவங்க, மலபார் முஸ்லிம்கள், 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து வந்த நம்ம தோட்டத் தமிழர்கள்... எல்லாரும் வந்தாங்க. சிலர் காசு கொடுத்து வெள்ளைத் தாள்ல எழுதி வாங்கினாங்க, சிலர் காலியா இருந்த இடத்துல குடிசை போட்டாங்க. ஏற்கனவே இருந்த பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் ஓரத்துக்குப் போனாங்க. 1988-ல் ஆதிவாசி முன்னேற்ற சங்கம் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகளைத் திரட்டி கூடலூர்ல ஊர்வலம் போனப்போதான் டவுன்ல பல பேருக்கு இத்தனை பேர் இங்கே இருக்காங்கன்னே தெரிஞ்சுதாம்.

இன்னைக்கும் கூடலூர் தாலுகாவில் "உங்க நிலம் எந்தப் பிரிவு?"ன்னு கேட்பாங்க. ரேஷன் கார்டு மாதிரி அதுவும் ஒரு அடையாளம். பிரிவு 17-ன்னா முகம் சுருங்கிடும். பட்டா இல்லை, பேங்க் கடன் இல்லை, வீட்டுக்கு கரண்ட் இழுக்கவே வருஷக் கணக்கா போராட்டம். ஒவ்வொரு தேர்தல்லயும் தீர்த்து வைப்போம்னு எல்லாக் கட்சியும் சொல்லுவாங்க. இன்னொரு பக்கம், இருக்கிறவனுக்கெல்லாம் பட்டா கொடுத்தா காடு என்ன ஆகும், யானை எங்கே போகும்னு கேட்கிறவங்களையும் தள்ளிவிட முடியாது. அந்த நிலத்துல கூலிக்காரனும் இருக்கான், ஆயிரக்கணக்கான ஏக்கர் தோட்டமும் இருக்கு. ரெண்டையும் ஒரே பேர்ல "ஆக்கிரமிப்பு"ன்னு சொல்றதுதான் எனக்கு ஒத்துக்கலை. குடிசைக்காரனை முதல்ல பிரிச்சுப் பார்த்திருக்கணும். 1974-லேயே பார்த்திருக்கணும்.

நிலம்பூர்ல இருந்து திரும்பினதும் கோவிலகத்து போட்டோக்களை (அனுமதி கேட்டு வெளியே இருந்து எடுத்ததுதான்) எடுத்துக்கிட்டு மறுபடி ஸ்ரீமதுரை போனேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். இத்தனை வருஷத்துல அவர் நிலம்பூர் போனதே இல்லையாம். அவங்கப்பாவும் போனதில்லை, பாட்டம் வாங்க ஆள் இங்கேயே வருவாங்களாம்.

"உங்களுக்குப் பட்டா வந்துடுச்சா, தாத்தா?"ன்னு கேட்டேன்.

"வயலுக்கு வந்துது. மேட்டுக்கு இல்லை." கையை நீட்டி வீட்டுக்குப் பின்னால இருந்த காப்பியைக் காட்டினார். "அதுக்குத்தான் இந்தச் சீட்டு. ஆபீஸ்ல ஒருத்தர், மலையாளத்துல இருக்கு, மொழிபெயர்த்து எடுத்துட்டு வான்னார். மொழிபெயர்த்துக் கொடுத்தோம். அப்புறம் அந்த ஆள் மாத்தலாகிப் போயிட்டார்."

வயல் வரப்புல ஒரு பணியர் பெண் புல்லுக்கட்டோட போயிட்டிருந்தாங்க. பெரியவர் அவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவங்க பாட்டிதான் அந்த மேட்டுல முதல் காப்பிச் செடி நட்டதுன்னார். அவங்க வீட்டுல சீட்டு ஏதாவது இருக்குமான்னு கேட்டேன்.

"அவங்களுக்கு ஏது சீட்டு?"ன்னுட்டு சீட்டை மறுபடி துணியில சுத்தி டப்பாவுல வச்சு மூடினார்.

மழை விட்டிருந்துச்சு. கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன்.